கைப்பழக்கம் கையில் இல்லை

வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்கையை நீட்டுங்கள், இடக்கைக்காரர் வலக்கையை. சுட்டுவிரலுக்கு 1, நடுவிரலுக்கு 2, மோதிர விரலுக்கு 3, சுண்டுவிரலுக்கு 4 என்று எண் வைத்துக்கொள்வோம். கையைப் பார்க்காமல், கட்டைவிரல் நுனியால் 4, 1, 3, 2, 4 என்ற வரிசையில் மற்ற விரல் நுனிகளைத் தொட வேண்டும். முடிந்ததும் இடைவெளி விடாமல் மறுபடியும் முதலிலிருந்து. 30 விநாடியில் பிழையில்லாமல் எத்தனை வரிசை முடிகிறது என்று எண்ணி ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாள் கடைசியில் தேவைப்படும்.

ஒரு வரிசை முடிந்து அடுத்தது தொடங்கும்போது சுண்டுவிரலை அடுத்தடுத்து இரண்டு முறை தொட வேண்டியிருக்கிறது, கவனித்தீர்களா? கை தடுமாறத் தோதான இடம் அது.

பார்க்க விளையாட்டு மாதிரி இருந்தாலும், புதிய அசைவு ஒன்றை மூளை எப்படிக் கற்கிறது என்று ஆராய்பவர்களுக்கு இது ஒரு முக்கியமான கருவி. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் அவி கார்னி, லெஸ்லி அங்கர்லைடர் குழுவினர் இதே வரிசையைச் சிலருக்குக் கொடுத்து, தினம் 10 முதல் 20 நிமிடம் பயிற்சி செய்யச் சொன்னார்கள். வாரம் ஒருமுறை மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்தார்கள். 1995-இல் முடிவுகள் வெளிவந்தன. மூன்று வாரத்தில் வேகம் இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. அதைவிடச் சுவையான செய்தி வேறு: அதே ஐந்து தொடுகையை 4, 2, 3, 1, 4 என்று மாற்றிச் செய்யச் சொன்னால், மூன்று வார உழைப்பின் பலன் பெரிதாகக் காணோம். மற்றக் கையால் செய்யச் சொன்னாலும் அப்படித்தான்.

‘தசை நினைவு’ என்று ஜிம்மிலும் மைதானத்திலும் சொல்கிறோமே, அந்தச் சொல்லை இந்த ஒரு முடிவே சாய்த்துவிடுகிறது. வரிசையை மாற்றினாலும் வேலை செய்பவை அதே தசைகள், அதே விரல்கள். தசை கற்றிருந்தால் இரண்டாவது வரிசையும் வேகமாக வந்திருக்க வேண்டும். கற்றது, தசைக்கு எந்தக் கணத்தில் என்ன ஆணை போக வேண்டும் என்று முடிவு செய்யும் இடம்.

எங்கே இருக்கிறது அந்த இடம்?

ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுக்கு ஹேர்பேண்ட் மாட்டினால், ஏறத்தாழ அதற்கு அடியில், மூளையின் மேலடுக்கில், அசைவுக்கு ஆணையிடும் முதன்மை இயக்கப் புறணி இருக்கிறது. நாயின் மூளையில் இந்தப் பகுதிக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தால் எதிர்ப்புறக் கால் அசைகிறது என்று 1870-இல் ஃபிரிட்ஷும் ஹிட்சிக்கும் காட்டினார்கள். மனித மூளையில் வைல்டர் பென்ஃபீல்ட் அறுவை சிகிச்சைகளின்போது இதைச் செய்து பார்த்து, 1937-இல் எட்வின் போல்ட்ரேயுடன் சேர்ந்து உடல் உறுப்புகளின் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். கைக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் அதில் தாராளமாக இடம், முதுகுக்குக் கொஞ்சம்தான். இங்கிருந்து இறங்கும் நரம்பு இழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறிவிடுவதால், உங்கள் இடக்கையை ஆட்டுவிப்பது வலப்பக்க மூளை.

பாடப்புத்தகப் படம் ஒரு தவறான எண்ணத்தை விதைத்துவிடுகிறது. சுட்டுவிரலுக்கு ஓர் அறை, நடுவிரலுக்கு அடுத்த அறை என்று லாட்ஜ் மாதிரி மூளை பிரிக்கப்படவில்லை. குரங்கு ஒரே ஒரு விரலை அசைக்கும்போதும் கைக்கான பகுதி முழுவதிலும் ஆங்காங்கே நரம்பணுக்கள் இயங்குவதை மார்க் ஷீபர் 1993-இல் காட்டினார். விரல்களின் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. கற்றலுக்கு மூலப்பொருளே இந்தக் கலப்புதான். எந்த விரலோடு எந்த விரல் சேர வேண்டுமோ, அதற்கான கம்பிகள் ஓரளவு ஏற்கெனவே இழுக்கப்பட்டிருக்கின்றன. எவற்றை வலுவாக்குவது, எவற்றை அடக்குவது என்பதே மீதி வேலை.

இயக்கப் புறணி தனியாக வேலை செய்வதும் இல்லை. முதல் சில நிமிடங்களில் “நாலு, ஒண்ணு, மூணு…” என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் அல்லவா? நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையும், இயக்கப் புறணிக்குச் சற்று முன்னால் உள்ள திட்டமிடும் பகுதிகளும் அப்போது கடுமையாக உழைக்கின்றன. பழகப் பழக இந்த உழைப்பு குறைகிறது. பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே செய்ய முடிகிறது. புதிதாக ஸ்கூட்டர் ஓட்டுபவரிடம் பேச்சுக் கொடுத்தால் ஏன் எரிந்து விழுகிறார் என்பதற்கும் இதுவே காரணம்.

பிழை பார்க்கும் சிறுமூளை

பின்மண்டையில் அடியில் இருக்கும் சிறுமூளையின் வேலையை விரல் பயிற்சியைவிட ஒரு கண்ணாடி தெளிவாகக் காட்டும். பார்க்கும் காட்சியை ஒரு பக்கமாக நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடியை ஒருவருக்கு மாட்டிவிட்டு, இலக்கை நோக்கிப் பந்து எறியச் சொல்கிறார்கள். காட்சி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் முதல் எறி வலப்பக்கம் தவறும். அடுத்தடுத்த எறிகளில் தவறு சுருங்கி, பத்து இருபது எறிக்குள் பந்து இலக்கில் விழத் தொடங்கும். இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு எறியச் சொன்னால் பந்து இடப்பக்கம் போகிறது! கண்ணாடி இல்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் போகிறது. “கொஞ்சம் இடமாக எறிவோம்” என்று யோசித்துச் செய்த தந்திரமாக இருந்தால், கழற்றியதும் அதை விட்டிருப்பார். கணக்கே உள்ளுக்குள் மாறிவிட்டது. சிறுமூளை பாதிக்கப்பட்ட பலருக்கு இந்தத் திருத்தமும் வருவதில்லை, கழற்றிய பிறகான எதிர்த்தவறும் வருவதில்லை.

நடப்பது இதுதான். கைக்கு ஆணை போகும்போதே அதன் நகல் ஒன்று சிறுமூளைக்கும் போகிறது. இந்த ஆணையால் கை எங்கே போய்ச் சேரும், என்ன உணரும் என்று சிறுமூளை முன்கூட்டியே கணிக்கிறது. பிறகு உண்மையில் வந்த தகவலோடு அதை ஒப்பிடுகிறது. இந்த முன்கணிப்பு அவசியம், ஏனென்றால் கண்ணிலிருந்து தகவல் வந்து, கையைத் திருத்தும் ஆணை புறப்பட ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும். வேகமான அசைவு அதற்குள் முடிந்தே போயிருக்கும்.

கணிப்பும் நடப்பும் பொருந்தாதபோது அந்தச் செய்தி ‘ஏறு இழை’ வழியாக வருகிறது. சிறுமூளையின் பெரிய நரம்பணுக்களான பர்கின்ஜி அணு ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரே ஓர் ஏறு இழை. சூழ்நிலை பற்றிய தகவலைக் கொண்டுவரும் மெல்லிய இணை இழைகளோ ஓர் அணுவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். பிழைச் செய்தி வந்த நேரத்தில் எந்த இணை இழைகள் பேசிக்கொண்டிருந்தனவோ, அவற்றின் இணைப்பு வலுவிழக்கிறது. ஏறு இழையின் செய்தி இந்த இணைப்புகளின் வலுவை மாற்றும் என்று டேவிட் மார் 1969-இல் சொன்னார்; அவை வலுவிழக்கும் என்பது ஜேம்ஸ் ஆல்பஸ் 1971-இல் முன்வைத்த கருத்து. இணைப்பு உண்மையாகவே வலுவிழப்பதை ஜப்பானின் மசாவோ இதோ 1982-இல் சோதனையில் காட்டினார். சிறுமூளையின் எல்லாக் கற்றலும் இந்த ஒரு வழியில்தான் என்று இன்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அடிப்படைச் சட்டகம் நிற்கிறது.

நடைமுறையில் இதற்கு ஒரு பொருள் உண்டு. பிழை நடந்த கணத்துக்கு மிக அருகில் அதன் செய்தி வந்தால்தான் சிறுமூளை நன்றாகத் திருத்திக்கொள்ளும். பந்து எங்கே விழுந்தது என்பதைச் சில விநாடி மறைத்துக் காட்டினால் இந்தத் தானியங்கித் திருத்தம் மங்கிவிடுகிறது. ஆட்டம் முடிந்து சாவகாசமாகச் சொல்லும் குறை, யோசிக்கும் மூளைக்குப் பயன்படும். சிறுமூளைக்கு அது பழைய செய்தித்தாள். புதுக் கண்ணாடி போட்ட அன்று படிக்கட்டு உயரம் தப்பாகத் தெரிவதும், நண்பரின் பைக்கில் கிளட்ச் பிடிபடச் சில தெரு ஆவதும், திரும்ப நம் வண்டியில் ஏறும்போது அது ஒரு கணம் அந்நியமாகப் படுவதும் இதே வகைத் திருத்தங்கள்.

துண்டுகளைக் கோக்கும் இடம்

மூளையின் நடு ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்ற நரம்பணுக் கூட்டங்கள் ‘எதைச் செய்தால் பலன் வந்தது’ என்று பார்க்கின்றன. எதிர்பார்த்ததைவிட நல்ல பலன் கிடைத்தால் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் கூடுகிறது, குறைந்தால் தாழ்கிறது. அதற்கேற்பச் செயல்களுக்கு முன்னுரிமை ஏறி இறங்குகிறது. தனித்தனி அசைவுகளைத் துண்டுகளாகக் கோப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. சில நாள் பயிற்சிக்குப் பிறகு உங்கள் விரல் வரிசையைக் கவனியுங்கள். ஐந்து தொடுகை சீராக ஒலிக்காது. 4-1 ஒரு மூச்சு, 3-2-4 இன்னொரு மூச்சு என்பதுபோல ஒரு தாளம் வந்திருக்கும். எங்கே உடைகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழியும்போது முதலில் அடிபடுபவற்றில் இந்தத் தானியங்கி அசைவுகளும் அடக்கம். நடை குறுகும், எழுத்து சிறுக்கும். ஆனால் தரையில் குறுக்குக் கோடுகள் வரைந்து ஒவ்வொன்றையும் தாண்டச் சொன்னால் பலரும் நன்றாக அடி எடுத்து வைக்கிறார்கள். தானியங்கிப் பாதை அடைபட்டாலும், கண்ணால் பார்த்துக் கவனத்தோடு நடக்கும் பாதை திறந்திருக்கிறது.

நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸ் இல்லாமலும் அசைவைக் கற்க முடியும் என்பதற்கு எச்.எம். என்ற பெயரால் அறியப்பட்ட நோயாளி சாட்சி. வலிப்புக்கான அறுவை சிகிச்சையில் இருபக்க ஹிப்போகேம்பஸையும் பெரும்பாலும் இழந்த அவருக்குப் புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. ஆனாலும் கண்ணாடியில் மட்டுமே தன் கையைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில், மூன்று நாளில் அவர் தெளிவாகத் தேறியதை பிரெண்டா மில்னர் பதிவு செய்தார். ஒவ்வொரு நாளும் அதை முதன்முறையாகச் செய்வதாகவே எச்.எம். நினைத்தார்.

வரைபடம் எப்போது மாறுகிறது?

மறுபடி இயக்கப் புறணிக்கு வருவோம். கார்னி குழுவினரின் ஸ்கேன்களில், நான்காவது வாரம் வாக்கில், பழகிய வரிசையைச் செய்யும்போது பழகாத வரிசையைவிட இயக்கப் புறணியின் அகன்ற பரப்பு இயங்கியது. வேகம் ஒப்பிடத்தக்க நிலையில் இருக்க, இரண்டையும் ஒரே தாளகதியில் செய்யச் சொல்லித்தான் பார்த்தார்கள்.

இதைப் படித்ததும் ‘அப்படியானால் எத்தனை முறை செய்கிறோமோ அத்தனை நல்லது’ என்று தோன்றும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று அதைக் கவிழ்க்கிறது. ராண்டால்ஃப் நூடோ குழுவினர் அணில் குரங்குகளுக்குச் சின்னக் குழியிலிருந்து உணவு உருண்டை எடுக்கக் கொடுத்தார்கள். ஓரிரு விரல் மட்டுமே நுழையும் குழி. நுணுக்கமாக விரல் மடக்கினால்தான் உருண்டை வரும். பயிற்சிக்குப் பின் இயக்கப் புறணியில் விரல்களுக்கான இடம் விரிந்திருந்தது. சாவி திருகுவது மாதிரி முன்கையைத் திருப்பப் பழகிய குரங்கிடம் முன்கையின் இடம் விரிந்து, விரல்களின் இடம் சுருங்கியது. இது 1996-இல். அடுத்து, 2000-இல் வெளிவந்த ஆய்வில், பெரிய குழி கொடுத்தார்கள். கை முழுவதும் சுலபமாக நுழையும். விரல் அசைவின் எண்ணிக்கையில் குறைவில்லை, ஆயிரக்கணக்கான முறை எடுத்தன. வரைபடம் மாறவில்லை. ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் செய்ததால் மூளைக்குப் புதிதாகப் பதிய எதுவும் இல்லை.

ஆக, பயிற்சியின் அளவைவிடக் குழியின் அளவு முக்கியம். கையெழுத்து, டைப்பிங், நீச்சல் எதிலும் பல ஆண்டு செய்தும் ஒரே இடத்தில் நிற்பவர்கள் பெரிய குழியில் கைவிட்டுக் கொண்டிருப்பவர்கள். ஓரளவு தவறும்படி, ஆனால் அடிக்கடி வெற்றியும் கிடைக்கும்படி கடினத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

நரம்பணு அளவில் மாற்றம் இரண்டு வேகத்தில் நடக்கிறது. புறணிக்குள் பக்கவாட்டில் ஓடும் இணைப்புகள் ஏற்கெனவே உள்ளன. அவற்றில் பல, தடுக்கும் நரம்பணுக்களால் அடக்கி வைக்கப்பட்டவை. அந்தத் தடுப்பு தளர்ந்தால் நிமிடக் கணக்கில் அவை பேசத் தொடங்கும். புதிய இணைப்பு முளைப்பது இன்னொன்று. பிளவு வழியாகக் கையை நீட்டி விதை எடுக்கப் பழகிய எலிகளின் இயக்கப் புறணியில், பயிற்சி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பணுக் கிளைகளில் புதிய முட்கள் முளைத்ததை 2009-இல் கண்டார்கள். ஒவ்வொரு முள்ளும் ஒரு சினாப்ஸ், அதாவது இன்னொரு நரம்பணுவோடு இணைப்பு, அமையக்கூடிய இடம். அடுத்த நாட்களில் பழைய முட்கள் சில உதிர்ந்து, மொத்த எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்துவிட்டது. பயிற்சியில் முளைத்து நிலைத்தவை மாதக் கணக்கில் நின்றன.

மனிதரிலும் இந்த விரிந்து சுருங்கும் போக்கு தெரிகிறது. பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் எலிசபெத் வெங்கர் குழுவினர், வலக்கைக்காரர்களை ஏழு வாரம் இடக்கையால் எழுதவும் வரையவும் வைத்து, அடிக்கடி ஸ்கேன் எடுத்தார்கள். நான்கு வாரம்வரை இயக்கப் புறணியில் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் பகுதி பருத்தது. அதன்பின் திறன் குறையாமலேயே பருமன் பெரும்பாலும் வடிந்துவிட்டது. நூறு பேரை நேர்காணலுக்கு அழைத்துப் பத்துப் பேரை வேலைக்கு வைத்துக்கொள்வது போல. ஆகவே ‘பெரிய பரப்பு, பெரிய திறமை’ என்று போட்டுவிடக் கூடாது. பரப்பு விரிவது கற்றல் நடந்துகொண்டிருப்பதன் அடையாளம்.

ஓய்விலும் வேலை நடக்கிறது

10 விநாடி விரல் தட்டல், 10 விநாடி ஓய்வு என்று மாறி மாறிச் செய்யும் சோதனையில், தொடக்க நிமிடங்களின் வேக உயர்வு பெரும்பாலும் தட்டும்போது நேரவில்லை, அந்தக் குட்டி ஓய்வுகளுக்கு அப்பாலும் இப்பாலும் ஒப்பிடும்போதுதான் தென்பட்டது என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. இரவுத் தூக்கமும் அப்படியே. 30 விநாடி தட்டல், 30 விநாடி ஓய்வு எனப் 12 சுற்று செய்துவிட்டுத் தூங்கியவர்கள், காலையில் பிழை கூடாமல் ஏறத்தாழ 20 சதவீதம் வேகமாகச் செய்ததை மாத்யூ வாக்கர் குழுவினர் 2002-இல் கண்டார்கள். பகல் முழுக்க விழித்திருந்தவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. இந்த இரண்டு உயர்வுகளிலும் ஒரு பங்கு, களைப்பு தீர்ந்ததால் வந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. அதற்காக இடைவிடாமல் அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம் ஆகிவிடாது.

புதிதாகக் கற்றது சில மணி நேரம் ஈரச் சுவர் மாதிரி. விரல்களை வேகமாகக் கிள்ளிப் பழகியவர்களின் இயக்கப் புறணியைக் காந்தத் தூண்டலால் உடனே 15 நிமிடம் கலைத்தபோது, அவர்கள் அடைந்த முன்னேற்றம் தங்கவில்லை. ஆறு மணி நேரம் கழித்துக் கலைத்தால் பாதிப்பில்லை.

மனத்தில் செய்து பார்ப்பதற்கும் பலன் உண்டு. அல்வாரோ பாஸ்குவல்-லியோனே 1995-இல் செய்த பியானோ சோதனையில், ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம், கையை அசைக்காமல் கற்பனையில் மட்டும் வாசித்தவர்களுக்கும் இயக்கப் புறணியின் விரல் பரப்பு விரிந்தது. வாசிப்பின் தரம், உண்மையாக வாசித்தவர்கள் மூன்றாம் நாள் எட்டிய அளவில் இருந்தது. பிறகு ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம் நிஜமாக வாசித்ததும் மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள்.

எங்கே கெடுகிறது?

அவசரத்தில்தான் முதலில். பிழையோடு வேகமாகச் செய்தால் பிழையும் துண்டுக்குள் சேர்த்துக் கோக்கப்படும். பிறகு துண்டை உடைத்துத்தான் அதை எடுக்க வேண்டும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமில் பிழை வராத வேகத்தைக் கண்டு, அங்கிருந்து சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

பயிற்சியின்போது சுலபமாக இருப்பது நன்றாகக் கற்றதற்கு அடையாளம் என்ற மயக்கம் அடுத்தது. ஷே, மோர்கன் இருவரும் 1979-இல் மூன்று கை அசைவுகளைக் கற்பித்தார்கள். ஒன்றை முடித்து அடுத்தது என்று அடுக்கடுக்காகப் பழகியவர்கள் அன்று வேகமாக இருந்தார்கள். மூன்றையும் கலந்து பழகியவர்கள் அன்று திணறினார்கள், பத்து நாள் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஆனால் அடிப்படை அசைவே பிடிபடாத முதல் நாளில் கலக்க வேண்டாம்; வெறும் குழப்பம்தான் மிஞ்சும்.

அளவு மீறுவதும் உண்டு. ஒரே அசைவை நாள்தோறும் மணிக்கணக்கில், இறுக்கமான கையோடு செய்யும் இசைக்கலைஞர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு, வாசிக்கும்போது மட்டும் விரல் தானாக மடங்கும் ‘டிஸ்டோனியா’ வருகிறது. மூளையில் விரல்களுக்கான இடங்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போவது இதில் காணப்படுகிறது. வலி இருக்காது, ‘இன்னும் பயிற்சி போதவில்லை’ என்று நினைத்துக் கூடுதலாக வாசிப்பார்கள், அது மேலும் கெடும். விரல் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பயன்படுத்தாமல் விட்டாலும் வரைபடம் மாறும், எதிர்த்திசையில். பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தால் நல்ல கையே எல்லாம் செய்துவிடுகிறது. தளர்ந்த கைக்கான எஞ்சிய இடமும் சுருங்குகிறது. எட்வர்ட் டாப் உருவாக்கிய சிகிச்சையில், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கைக்குக் கனத்த உறை மாட்டிவிட்டு, இரண்டு வாரம், வாரநாட்களில் சுமார் ஆறு மணி நேரம் தளர்ந்த கைக்குப் படிப்படியாகக் கடினமாகும் வேலைகள் தருகிறார்கள். மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது விரிக்க முடிபவர்களுக்கே இது பொருந்தும். இயன்முறை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் தொடங்கக் கூடாது.

இப்போது அந்தத் தாளை எடுங்கள். தினம் ஒரே நேரத்தில், தூங்கப் போவதற்குமுன் ஆனாலும் சரி, 30 விநாடி தட்டல், 30 விநாடி ஓய்வு, 12 சுற்று. கடைசிச் சுற்றின் எண்ணிக்கையையும் மறுநாள் முதல் சுற்றின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதல் வாரம் எண்ணிக்கை தாவி ஏறும், பிறகு நிதானப்படும். இருபத்தெட்டாம் நாள் அதே கையால் 4, 2, 3, 1, 4 செய்து எண்ணுங்கள். அந்த எண், முதல் நாள் குறித்த எண்ணுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கும்.